உப்புப் போட்ட கஞ்சி

செங்கமலத்தின் வாய்க்குப் பயப்படாதவர்கள் நெய்வேலியில் இரண்டே பேர்தான். ஒருவர் அவள் புருஷன் பாவாடை. சுரங்கத்துப் பம்புகளின் இரைச்சலிலேயே வேலை பார்த்துப் பார்த்து அவருக்குப் பாதிக் காது போய்விட்டது, அதோடு பயமும் போய்விட்டது. இன்னொருத்தி நர்ஸ் லூசியம்மாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கவும் தெரியும்.

செங்கமலம் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. சொந்தமென்று ஒரு குழி நிலம் கிடையாது. ஊரார் கொல்லைகளில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடிக்குக் களை வெட்டி, முந்திரிக்கொட்டை பொறுக்கி வளர்ந்தவள். மண்ணுக்கடியில் கரி இருக்கிறது, தோண்டப் போகிறோம் என்று ஆட்கள் வந்து இறங்கியபோது, தோண்டுகிற வேலைதானே, நமக்குத் தெரியாததா என்று பாவாடையைத் தள்ளிக்கொண்டு வந்து காண்ட்ராக்ட் வேலையில் சேர்த்துவிட்டவள் அவள்தான். அவருக்குக் கிடைத்ததோ பம்பு வேலை. கரிக்கு அடியில் ஊற்று நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ராப்பகலாகப் பம்பு ஓடி அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் சுரங்கம் குளமாகிவிடும் என்பது பாவாடையின் வேதம். கலியாணப் பேச்சானாலும் கருமாதிப் பேச்சானாலும் அவர் வாயில் அது பம்பில்தான் போய் முடியும்.

அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. காண்ட்ராக்ட் கூலிகளின் கீற்றுக் குடிசைகள் வரிசையாக நின்ற இடத்துக்குக் கூலி லைன் என்று பெயர். அதன் கோடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு கொட்டகைகள், பன்னிரண்டு கட்டில்கள், பின்னால் ஒரு சமையல்கட்டு. ஒட்டுகிற நோய் கண்டவர்களைக் கொண்டுவந்து படுக்க வைக்கிற இடம். ஜனங்கள் அதைக் காய்ச்சல் கொட்டாய் என்பார்கள். அங்கே கஞ்சி வைப்பது செங்கமலத்தின் வேலை.

கஞ்சிதானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நொய்யைக் களைந்து, கரையக் கரைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, பால் போல இறக்குவாள். குடிக்காமல் முகம் சுளிக்கிற ஆம்பிளைகளை, பெண்டாட்டியிடம் இந்த முறுக்கைக் காட்டேன் பார்க்கலாம் என்று கேட்டே குடிக்க வைத்துவிடுவாள். திட்டு வாங்காமல் அந்தக் கொட்டகையிலிருந்து பிழைத்துப் போனவன் ஒருவனும் இல்லை.

லூசியம்மாள் கடலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அப்போது இருபத்தெட்டு இருபத்தொன்பது வயதிருக்கும். செங்கமலத்தைவிட ஆறு வயது இளையவள். வந்த முதல் நாளே சமையல்கட்டுக்குள் நுழைந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவினாயா என்று கேட்டாள். கேட்கக் கூடாத கேள்வி. நான் கை கழுவாமலா இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று செங்கமலம் ஆரம்பித்தாள். அன்று தொடங்கிய சண்டை கொதிக்க வைத்த தண்ணீர், ஈ மொய்த்த மூடி, வெற்றிலை எச்சில் என்று நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது. ஆனால் ஒன்று. பதினோரு மணிக்கு லூசியம்மாள் வந்து, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்காருவாள். செங்கமலம் அடியில் தேங்கிய கெட்டிக் கஞ்சியாகப் பார்த்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பாள். அவள் அதைக் குடித்து முடிக்கும் வரைக்கும் உலகத்தில் சண்டையே கிடையாது.

கம்பவுண்டர் சவரிராஜ் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். சாது. லூசியம்மாள் பக்கத்தில் வந்தாலே அவர் அளக்கிற மருந்து கிளாசுக்கு வெளியே ஊற்றும். செங்கமலம் இதைக் கவனித்துவிட்டாள். கவனித்த பிறகு அந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது நிம்மதி கொடுத்தாளா என்றால் அதுதான் இல்லை.

அறுபத்துநாலாம் வருஷம் ஐப்பசி மழை பிடித்தது, விடவில்லை. கூலி லைன் முழுக்க முழங்கால் தண்ணீர். கிணறும் சாக்கடையும் ஒன்றாகிப் போயின. முதலில் ஒரு கிழவருக்கு வந்தது, அடுத்த நாள் மூன்று பேருக்கு. வயிறு வலிக்காது, காய்ச்சல் அடிக்காது. அரிசி கழுவின தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருக்கும். காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன் சாயங்காலம் கண் குழிவிழுந்து, கன்னம் ஒட்டி, அடையாளம் தெரியாமல் கிடப்பான். கொட்டகையைப் பார்த்துக்கொண்ட டாக்டர் மருதாசலம் அதைக் காலரா என்றார். ஜனங்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள்.

அம்மா வந்த இடத்தில் உப்பு, புளி, தாளிப்பு எதுவும் ஆகாது. நோயாளிக்குக் கஞ்சி என்றால் உப்பில்லாப் பத்தியம்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். செங்கமலம் அதோடு நிற்கவில்லை. அவளுக்கு நிற்க முடியாத காரணம் இருந்தது. அவள் பெற்றது மூன்று. முதல் இரண்டும் ஒரே வாரத்தில் இதே வாந்திபேதியில் போனவை. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவளும் கொடுக்கவில்லை. சின்னது தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போயிற்று. இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை, நானும் இதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

மிஞ்சியது தனகோடி ஒருத்திதான். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. நோய் வந்த மூன்றாம் நாள் செங்கமலம் மழையில் நனைந்துகொண்டே முத்தாண்டிக்குப்பம் போய், மாரியம்மன் முன்னால் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு வேண்டிக்கொண்டாள். இந்தப் பேதி ஊரை விட்டுப் போகிற மட்டும் சீக்காளிகள் குடிக்கிற கஞ்சியில் என் கையால் ஒரு கல் உப்பு விழாது, அதற்குப் பதிலாக என் பெண்ணை நீ பார்த்துக்கொள் என்று. இது அவளுக்கும் அம்மனுக்கும் நடுவில் நடந்த பேச்சு. பாவாடைக்குக்கூடத் தெரியாது.

கொட்டகையில் கட்டில்களின் நடுவில் கயிற்றை விலக்கி ஓட்டை போட்டு, கீழே வாளி வைத்தார்கள். வாளியில் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் சலைன் பாட்டிலாக ரத்தக் குழாய் வழியே உள்ளே போக வேண்டும். வெளியே போவது வெறும் தண்ணீர் இல்லை, உடம்பின் உப்பும் சேர்ந்து போகிறது, அதனால் உப்புத்தண்ணீர்தான் ஏற்ற வேண்டும் என்று லூசியம்மாள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டில் ஏறின ஆள் இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பீடி கேட்டதைச் செங்கமலமே கண்ணால் பார்த்தாள். ஆனால் வாளிகள் நிறைந்த வேகத்துக்குப் பாட்டில்கள் எங்கே போவது? ஊரில் கிடைத்ததெல்லாம் தீர்ந்தது. டாக்டரே ஜீப்பில் கடலூருக்குப் புறப்பட்டார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது மேல்பட்டாம்பாக்கத்தில் கெடிலம் ஆற்று வெள்ளம் ரோட்டை அறுத்துவிட்டது. குறிஞ்சிப்பாடி வழியும் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆளும் பாட்டிலும் அக்கரையில் நின்றன.

மறுநாள் காலையில் சுரங்கத்து டைம் ஆபீசிலிருந்து ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து டாக்டர் போனில் சொன்ன சேதியைச் சொன்னார். பாட்டில் வர இரண்டு நாள் ஆகலாம். அதுவரைக்கும் உப்புத்தண்ணீரை வாய் வழியாகவாவது கொடுத்துக்கொண்டிருங்கள்.

அப்போது ஆரம்பித்தது கூத்து. லூசியம்மாள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கட்டில் கட்டிலாகக் கொடுத்தாள். பாதிப் பேர் குமட்டி வாந்தி எடுத்தார்கள். குடித்தவர்களுக்கும் அது உள்ளே போன வேகத்தில் கீழே வந்தது. பின்னாலேயே செங்கமலம் உப்பில்லாக் கஞ்சியோடு போனாள். அது கொஞ்சம் தங்கியது, ஆனால் குடித்தவன் தெளியவில்லை, காலைச் சுருட்டிக்கொண்டு கத்தினான். உன் உப்புதான் கெடுக்கிறது என்றாள் இவள். உன் சப்புக் கஞ்சியில் என்ன இருக்கிறது என்றாள் அவள். ஒருத்தி கையில் உப்பு இருந்தது, ஒருத்தி கையில் கஞ்சி இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. லூசியம்மாளுக்குத் தோன்றாததற்குக் காரணம் புத்தகத்தில் அப்படி இல்லை. செங்கமலத்துக்குத் தோன்றாததற்குக் காரணம் அவள் கையில் கட்டியிருந்த காப்பு.

அன்று பதினோரு மணிக்கு லூசியம்மாள் வாளி மேல் வந்து உட்காரவில்லை. செங்கமலம் டம்ளரை எடுத்துக்கொண்டு தேடிப் போனாள். நான்கு முறை போய்விட்டது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள். ஒரு மணிக்கெல்லாம் பன்னிரண்டாவது கட்டிலில் கிடந்தாள். குரல் கம்மி, காற்றாக வந்தது.

மிச்சம் மூன்று பாட்டில் இருந்தது. சவரிராஜ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். லூசியம்மாள் கையைக் கொடுக்கவில்லை. இரண்டு குழந்தைகள் கிடக்கின்றன, நினைவில்லாமல் ஒரு ஆள் கிடக்கிறான், வாயால் குடிக்க முடியாதவர்களுக்கு அதைப் போடு, எனக்கு இன்னும் வாய் இருக்கிறது என்றாள். சவரிராஜ் நின்ற இடத்திலேயே அழுதார். பிறகு அவள் சொன்னபடியே செய்தார். நல்ல மனுஷன், வேறென்ன செய்வார்.

லூசியம்மாள் உப்புத்தண்ணீர் கேட்டாள். கொடுத்தார்கள், வாந்தி எடுத்தாள். செங்கமலம் கஞ்சி கொடுத்தாள். இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. மூன்று மணிக்குச் சவரிராஜ் அவள் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தபோது கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது, உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். வாயாடின வாய் உலர்ந்து வெடித்திருந்தது. அப்புறம் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. நர்ஸ் வேலை பார்த்த பெண், சத்தம் போடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு துடித்தாள்.

அந்தக் காலைப் பிடித்து நீவிவிடும்போதுதான் செங்கமலத்துக்கு உடம்பில் ஒரு ஞாபகம் வந்தது. சித்திரை வெயிலில் நாள் முழுக்க மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து களை வெட்டினால் இதே மாதிரிதான் கெண்டைக்கால் இழுக்கும். அப்போது யாரும் வெறும் தண்ணீர் குடிப்பதில்லை. வெறும் உப்பைக் கரைத்தும் குடிப்பதில்லை. நீராகாரத்தில் நாலு கல் உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்தால் அரை நாழிகையில் காலில் முடிச்சு அவிழும். வேர்வையாகப் போனால் என்ன, பேதியாகப் போனால் என்ன, போனது உப்பும் தண்ணீரும்தானே. கஞ்சியில் உப்புப் போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான், ஆனால் அவளால் முடியவில்லை. சமையல்கட்டில் உப்பு வைக்கிற மரவைக்கு முன்னால் போய் நின்றாள். கையில் காப்பு மஞ்சளாக இருந்தது. இந்தப் பக்கம் பதிமூன்று வயசுப் பெண், அந்தப் பக்கம் பன்னிரண்டாம் கட்டில். உப்பைப் போட்டால் அம்மன் தனகோடியைக் கேட்பாள். போடாவிட்டால் லூசி பொழுது சாய்வதற்குள் போய்விடுவாள். சவரிராஜைப் போடச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அம்மனிடம் கணக்குப் பிள்ளை வேலை காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கட்டிலிலிருந்து, தண்ணி, என்று அந்தக் காற்றுக் குரல் வந்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க இன்னொரு தரம் அவளால் ஆகாது.

"தாயே, கை என்னுது, பழியும் என்னுது. பொண்ணு மேல மட்டும் போட்டுடாத" என்று சொல்லிவிட்டு உப்பை எடுத்துக் கஞ்சியில் போட்டாள். கண்ணீர் எவ்வளவு கரிக்குமோ அவ்வளவு கரித்தால் போதும் என்று நாக்கில் வைத்துப் பார்த்துத் தண்ணீர் விட்டு விளாவினாள்.

டம்ளரால் கொடுத்தால் வாந்தி வரும் என்று கரண்டியால் கொடுத்தாள். ஒரு கரண்டி, பத்து எண்ணுவாள், மறு கரண்டி. வாந்தி வந்தால் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஷிப்டு முடிந்து தேடிக்கொண்டு வந்த பாவாடை கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பம்பை நிறுத்தாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் அடுத்த கட்டில்காரனுக்கு ஊற்ற ஆரம்பித்தார். அந்த மனுஷன் வாழ்க்கையில் பம்பைப் பற்றிச் சொன்னதில் இடமறிந்து சொன்னது அது ஒன்றுதான்.

பொழுது சாயும்போது கால் இழுப்பது நின்றது. விடிந்தபோது தோலைக் கிள்ளினால் மடிப்புப் படிந்தது. வாளியில் போவது நிற்கவில்லை, ஆனால் போவதைவிட உள்ளே தங்கியது அதிகம். எட்டு மணிக்கு லூசியம்மாள் கண்ணைத் திறந்து, ஈ மொய்க்கிறது, மூடி எங்கே என்று கேட்டாள். சவரிராஜ் மறுபடியும் அழுதார். அடுத்த நாள் பாட்டில்களோடு டாக்டர் வந்து சேர்ந்தபோது கொட்டகையில் வாயால் குடிக்க முடிந்தவர்கள் எல்லோரும் உப்புப் போட்ட கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டது கெட்டாயிற்று, ஒரு கட்டிலுக்குப் போட்டால் என்ன பன்னிரண்டு கட்டிலுக்குப் போட்டால் என்ன என்று செங்கமலம் துணிந்துவிட்டிருந்தாள்.

அந்த மழையில் கொட்டகையில் செத்தவர்களும் உண்டு. கஞ்சி எல்லோரையும் காப்பாற்றிவிட்டது என்று நான் சொன்னால் செங்கமலமே என்னைச் சும்மா விடமாட்டாள். ஆனால் லூசியம்மாள் பிழைத்தாள். மறு வருஷம் சவரிராஜைக் கலியாணம் பண்ணிக்கொண்டாள். பொண்ணு கேட்டுப் போனதே செங்கமலம்தான், அந்த ஆள் நேரில் கேட்க இன்னும் பத்து வருஷம் ஆகும் என்பதால். அதற்குப் பிறகு லூசியம்மாள் அவளை அக்கா என்று கூப்பிட்டாள். சண்டை மட்டும் குறையவில்லை.

வெளியே இப்படி. உள்ளே செங்கமலத்துக்கு ஐந்து வருஷமாக ஒரு நாள் தூக்கம் சரியில்லை. தனகோடிக்கு ஒரு தும்மல் வந்தாலும் ராத்திரி முழுக்க அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் பஸ் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறபோது அம்மன் முன்னால் போகாமல் அடுப்படியிலேயே வேலையைத் தேடிக்கொள்வாள். யாரும் வாயைத் திறக்காத வரைக்கும் அம்மன் கவனிக்காமல் இருந்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. தனகோடிக்குக் கலியாணமாகி, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். பயம் ஏறிக்கொண்டே போயிற்று.

அப்படி இருக்கும்போதுதான் அறுபத்தொன்பதில் ஒரு நாள் டாக்டர் மருதாசலம் ஒரு வைத்தியப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்கே வந்தார். கோயமுத்தூர்க்காரர், யாரையும் ஒருமையில் கூப்பிடத் தெரியாதவர். கொட்டகை ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு சொன்னார். குடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத செல்கள் இருக்கின்றன. காலராக் கிருமியின் விஷம் அந்தச் செல்லைக் கொல்வதில்லை. வெளியே போகிற ஒரு வாசலை மட்டும் திறந்து விட்டுவிடுகிறது. அதன் வழியே உப்பு வெளியேறும், உப்பின் பின்னாலேயே தண்ணீர் போகும், அதுதான் பேதி. ஆனால் உள்ளே வருகிற வாசல் ஒன்று இருக்கிறது. அதை விஷம் தொடுவதில்லை. அந்த வாசலில் உப்பு தனியாக வந்தால் அனுமதி இல்லை, சர்க்கரையோடு சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். அரிசிக் கஞ்சி குடலுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் கரைகிறது. டாக்காவிலும் கல்கத்தாவிலும் இப்போது உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கலந்து வாயால் கொடுத்தே ஆட்களைப் பிழைக்க வைக்கிறார்கள்.

"அன்னைக்கு நான் சொன்ன உப்புத்தண்ணி பாதி வைத்தியந்தானுங்க. அதை முழுசாக்குனது செங்கமலத்தம்மா போட்ட உப்புங்க" என்றார்.

மாப்பிள்ளை தனியாக வந்தால் மாமியார் வீட்டுக் கதவு திறக்காது, பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் திறக்கும், அப்படித்தானே டாக்டர் என்று லூசியம்மாள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். செங்கமலம் சிரிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் உப்புப் போட்டாள் என்று ஒரு பெரிய மனுஷர், பத்துப் பேர் நடுவில், உரக்கச் சொல்லிவிட்டார். இனிமேல் அம்மனுக்குக் கேட்காமல் இருக்குமா?

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. அதைவிட மோசம், யாரையும் திட்டவும் இல்லை. சப்பென்று போன கஞ்சியைக் குடித்துவிட்டு நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் லூசியம்மாள் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளி மேல் உட்கார்ந்து, சொல்லாமல் நான் எழுந்திருக்கப் போவதில்லை என்றாள். செங்கமலம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வேண்டுதல், காப்பு, போட்ட உப்பு, தனகோடி, எல்லாவற்றையும். செத்துப்போன அந்த இரண்டு பிள்ளைகளையும்கூடச் சொன்னாள்.

தன் உயிருக்குச் செங்கமலம் என்ன விலை வைத்துக் கஞ்சி ஊற்றினாள் என்று ஐந்து வருஷம் தெரியாமலே அவளோடு மூடிக்கும் ஈக்கும் சண்டை போட்டிருக்கிறோம் என்பது லூசியம்மாளைச் சுட்டது. அதெல்லாம் மூடநம்பிக்கை அக்கா என்று ஆரம்பித்திருக்கலாம், நர்ஸ்தானே. ஆரம்பிக்கவில்லை. தனகோடியைக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினாள், தாயும் பிள்ளையும் நல்ல சுகம் என்று தெரிந்துகொண்டாள். ஆனால் அந்தச் சேதி செங்கமலத்தின் பயத்தைத் தொடக்கூட இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அதற்கு வேறு இடத்தில்தான் வைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், கட்டின வெள்ளைச் சேலையை மாற்றாமல், வரமாட்டேன் என்ற செங்கமலத்தின் கையைப் பிடித்து இழுத்து பஸ்ஸில் ஏற்றினாள். இரண்டு வயதுப் பிள்ளையை சவரிராஜிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். சாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று செங்கமலம் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் என் பாவமாக நானே அவரிடம் சொல்லிக்கொள்வேன், அது உன் கவலை இல்லை என்றாள் லூசியம்மாள்.

உச்சி வெயில். கோயிலில் பூசாரிகூட இல்லை. அடைத்த கம்பிக் கதவுக்குப் பின்னால் அம்மன் மஞ்சள் பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். செங்கமலம் தலையைத் தூக்கவே இல்லை. லூசியம்மாளுக்கு எப்படிக் கும்பிடுவது, எங்கே நிற்பது ஒன்றும் தெரியாது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கட்டிலில் கிடக்கிற நோயாளியிடம் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"யம்மா, நான் லூசி. ஆஸ்பத்திரி நர்சு. ஒங்கிட்ட வேண்டிக்கினத இவ மீறிட்டான்னு அஞ்சு வருசமா பயந்துகினு கெடக்குறா. அன்னிக்கி உப்ப போட்டது இவ கை. ஆனா தின்னது என் வாயி. உப்பத் தின்னவதான தண்ணி குடிக்கணும்? இவ பொண்ணக் கேக்காத. கேக்குறதா இருந்தா என்னைக் கேளு, இல்லாட்டி என் புள்..."

செங்கமலம் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். சேலை நழுவியதுகூடத் தெரியாமல், இரண்டு கையாலும், அந்த வார்த்தை வெளியே வந்துவிடாதபடி அழுத்திப் பொத்தினாள். ஐந்து வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள் அம்மனை நேருக்கு நேராக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"இவ பேச்ச கேக்காத தாயே. கூறு கெட்டவ, வாய்க்கு வந்ததப் பேசுறா. உப்ப நான்தான் போட்டேன். இன்னொரு தரம் இவ கெடந்தாலும் போடுவேன்."